காலையில் கெண்ட், மாலையில் புரூஜ்

பிரசல்ஸில் தங்கியிருப்பவர்களில் பலர் ஒரு நாளை ஒதுக்கி, வழிகாட்டியுடன் செல்லும் பேருந்தில் காலையில் ஏறி, கெண்ட், புரூஜ் ஆகிய இரண்டு இடைக்கால நகரங்களையும் பார்த்துவிட்டு இரவுக்குள் அறைக்குத் திரும்புகிறார்கள். இரண்டும் பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸில், பிரசல்ஸிலிருந்து கடலை நோக்கிப் போகும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் வருவது கெண்ட், ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டருக்குள் புரூஜ். போகிற வழியில் இருப்பதால் இரண்டையும் ஒரே சீட்டில் கோத்துவிட்டார்கள் என்றும், நேரமில்லாதவர்கள் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. இந்த அத்தியாயம் அதற்கு எதிர்க்கட்சி. ஒன்றின் நினைவு ஆறுவதற்குள் மற்றொன்றைப் பார்ப்பதுதான் இவ்விரு ஊர்களுக்கும் பொருந்திய முறை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த ஒப்பீட்டுக்கான பணம்; ஒப்பீட்டைத் தராத பயணத்துக்கு ரயிலே போதும். எந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் இருப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் இதிலிருந்தே விடை கிடைக்கும்.

ஏன் ஒப்பீடு? இரண்டு ஊர்களையும் வளர்த்தது ஒரே சரக்கு: கம்பளித் துணி. ஆட்டு ரோமம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. லெய்யே, ஷெல்ட் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த கெண்ட் அதை நூற்று, நெய்து, சாயமேற்றியது. கடலுக்கு அருகிலிருந்த புரூஜ் துணியையும் அதோடு உலகத்துச் சரக்குகளையும் விற்றது. 14ஆம் நூற்றாண்டில் கெண்ட் நகரில் அறுபதாயிரம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பாரிஸுக்கு அடுத்த பெரிய நகரங்களில் அது ஒன்று. அவ்வளவு பேருடைய வயிறும் கடல் தாண்டி வரும் ரோமத்தை நம்பி இருந்தது. 1336இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் ரோம ஏற்றுமதியை நிறுத்தியபோது கெண்ட் தறிகள் நின்றன, தெருவில் பசி வந்தது. ஊரின் தலைமையை ஏற்ற யாக்கோப் வான் ஆர்டவெல்டே ஃபிளாண்டர்ஸ் பிரபுவை மீறி இங்கிலாந்தோடு உடன்பாடு கண்டு ரோமத்தை மீண்டும் வரவழைத்தார். 1340இல் எட்வர்ட் தம்மைப் பிரான்சின் அரசராக அறிவித்துக்கொண்டது இந்த ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தைத் திடலில்தான். ஐந்தே ஆண்டில் ஆர்டவெல்டேவை ஊர்க்காரர்களே கொன்றார்கள். இன்று அதே திடலின் நடுவில் அவருடைய சிலை கையை நீட்டி நிற்கிறது. உற்பத்தி செய்யும் ஊருக்கு உள்ள கோபமும் பிடிவாதமும் கெண்ட் வரலாறு நெடுகத் தெரியும்.

புரூஜின் கதை தண்ணீரின் கதை. 1134இல் வீசிய பெரும்புயல் கடற்கரையைக் கிழித்து, ஸ்வின் என்ற கடற்கழியை உள்நாடு நோக்கித் திறந்துவிட்டது. அதன் வழியாக வந்த கப்பல்கள் டாம்மே முதலிய துறைகளில் நிற்க, சரக்கு சிறு படகுகளில் ஊருக்குள் வந்தது. வெனிஸ், ஜெனோவா, ஃபிளாரன்ஸ் வணிகர்களும் ஜெர்மானிய ஹான்சா வணிகர்களும் இங்கே நிரந்தர மனைகள் வைத்திருந்தார்கள். வான் டெர் பேர்ஸ் என்ற குடும்பம் நடத்திய சத்திரத்தின் எதிரே அவர்கள் கூடி நாணயமும் கடன்சீட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச் சந்தைக்கு வழங்கும் ‘பூர்ஸ்’ என்ற சொல் அந்தக் குடும்பப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 15ஆம் நூற்றாண்டின் முடிவில் ஸ்வின் தூர்ந்துபோயிற்று. வணிகர்கள் ஆண்ட்வெர்ப் நகருக்குப் பெயர்ந்தார்கள். வீடுகளை இடித்துப் பெரிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெல்ஜியத்தின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்றாக இருந்தது புரூஜ். 1892இல் ஜார்ஜ் ரோடன்பாக் தம் நாவலுக்கு ‘இறந்த புரூஜ்’ என்றே தலைப்பு வைத்தார். இன்று பயணிகள் வியந்து பார்க்கும் முழுமை அந்த வறுமை காத்துக்கொடுத்தது.

கெண்ட் நிற்கவில்லை. கம்பளி போனபின் தானியப் படகுகளுக்கு வரி வாங்கிப் பிழைத்தது. 1800ஐ ஒட்டி லீவன் பாவன்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து நூற்பு எந்திரத்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து சேர்க்க, ஊர் முழுக்கப் பஞ்சாலைகள் எழுந்தன. 1827இல் கடலுக்குப் புதுக் கால்வாய் வெட்டினார்கள். ஃபிளாண்டர்ஸ் பிரபு அல்சாஸ் ஃபிலிப் 1180இல் கட்டிய கிராவன்ஸ்டேன் கோட்டைக்குள்ளேயே 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலை ஓடியது. இந்த ஒரு செய்தியைக் கோட்டை வாசலில் நின்று கேட்டுவிட்டு, பிற்பகலில் புரூஜின் அசையாத கால்வாய் ஓரத்தில் நடந்து பாருங்கள். ஒரே தொழிலில் பிறந்த இரு ஊர்களில் ஒன்று ஓடிக்கொண்டே தன் பழைய முகத்தைப் பாதி இழந்தது, மற்றது நின்றுபோய் முகத்தைக் காத்தது என்பது கண்ணுக்கே தெரியும். புரூஜை மட்டும் பார்த்தவர், இடைக்கால நகரம் என்றாலே அழகும் அமைதியும் என்று நினைத்துத் திரும்புவார். அந்தக் காலத்து புரூஜ் அப்படி இருக்கவில்லை. கெண்டின் சந்தை இரைச்சலுக்குத்தான் அது நெருக்கம்.

இரண்டு ஊர்களையும் ஒரு மனிதரே இணைத்தும் வைக்கிறார். ஓவியர் யான் வான் எய்க், தம் அண்ணன் ஹூபர்ட் தொடங்கிவைத்த பலகை ஓவியத் தொகுதியை 1432இல் கெண்டுக்காக முடித்துக் கொடுத்தார். வாழ்ந்ததும் 1441இல் இறந்ததும் புரூஜில். கெண்டின் புனித பாவோ பேராலயத்தில் இன்றும் இருக்கும் அந்த ஓவியத்துக்கு நாளின் முதல் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். புல்லும் ரத்தினமும் தலைமுடியும் தனித்தனியாகத் தெரிய எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்ட அந்தப் பலகைகளில் சிலவற்றைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் எடுத்துச் சென்றார்கள். ஒரு பலகை 1934இல் திருடப்பட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் இடத்தில் இருப்பது பிரதி. புரூஜின் அன்னை ஆலயத்தில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு மாதா இருக்கிறது. துணி வணிகம் செய்த மூஸ்க்ரோன் குடும்பத்தார் அதை வாங்கிக் கொண்டுவந்தார்கள். அதையும் நாஜிகள் தூக்கிப் போனார்கள். 1945இல் இரண்டும் கிடைத்தது ஆஸ்திரியாவில் ஆல்ட்அவுஸே என்ற இடத்து உப்புச் சுரங்கத்தில். காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் பார்ப்பவருக்கு இந்தத் தொடர்பே ஒரு பெரிய வரலாற்றுப் பாடம்.

இதற்கு முதலில் எழும் ஆட்சேபம் நேரம் பற்றியது: ஒரு நகரத்துக்கே ஒரு நாள் போதாதபோது இரண்டு எப்படி? அருங்காட்சியகம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இந்த ஆட்சேபம் முழுக்கச் சரி. அவர்கள் புரூஜில் இரண்டு இரவு தங்க வேண்டும். ஹான்ஸ் மெம்லிங் ஓவியங்கள் உள்ள பழைய புனித யோவான் மருத்துவமனைக்கே ஒரு காலை தேவை. ஆனால் இரண்டு ஊர்களின் பழைய பகுதிகளும் நடந்தே கடக்கக் கூடியவை. கெண்டில் பேராலயம், மணிக்கூண்டு, புனித நிக்கலஸ் ஆலயம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அங்கிருந்து தானியத் துறையும் கோட்டையும் சில நிமிட நடைதான். பத்து, பதினொரு மணி நேரப் பயணத்தில் சாலைக்கு மூன்று மணி போனால், கெண்டுக்கு மூன்றும் புரூஜுக்கு நான்கும் மிஞ்சும். அதற்குக் குறைவாகத் தரும் பயணத்தை வாங்காதீர்கள். ‘இரண்டு நகரங்கள்’ என்று விளம்பரம் செய்துவிட்டு கெண்டில் ஒன்றரை மணி நேரம் மட்டும் நிறுத்துவது பரவலான வழக்கம். அந்த அவகாசத்தில் ஓவியத்தையும் பார்த்து ஊரையும் பார்க்க முடியாது. ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. பிரசல்ஸிலிருந்து கெண்டுக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம், கெண்டிலிருந்து புரூஜுக்கு இன்னொரு அரை மணிக்குள். ரயில்கள் அடிக்கடி உண்டு. அப்படியிருக்க வழிகாட்டி எதற்கு? போக்குவரத்துக்காக என்றால், தேவையில்லை என்பதே நேர்மையான பதில். கெண்டின் பெரிய ரயில் நிலையமான சின்ட் பீட்டர்ஸ் பழைய ஊரிலிருந்து தள்ளியிருப்பதால் டிராம் பிடிக்க வேண்டும். புரூஜில் இருபது நிமிடம் நடந்தால் சந்தைத் திடல். நிலையப் பலகைகளில் டச்சு மொழிப் பெயர்களே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இங்கே பேசுவதும் டச்சுதான், பிரெஞ்சு அல்ல. ஆனால் கற்கள் தாமாகப் பேசுவதில்லை. கெண்டின் புனித மிக்கேல் பாலத்தில் நின்று மூன்று கோபுரங்களை ஒரே சட்டத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு, காலடியில் இருக்கும் பாலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1913 உலகக் கண்காட்சியை ஒட்டிய சீரமைப்பின்போது கட்டப்பட்டது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். புரூஜில் பாசி படர்ந்து ஆயிரம் ஆண்டு பழையதுபோல் நிற்கும் போனிஃபேசியஸ் பாலத்தின் வயதும் அதுதான்: 1910. சந்தைத் திடலின் ஒரு பக்கத்தை நிறைத்து நிற்கும் மாகாண மாளிகையும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நவ கோதிக் கட்டடம்.

இதைக் கேட்டதும், ‘அப்படியானால் இது இடைக்காலமே இல்லையே’ என்று சோர்வடைபவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சோர்வு நியாயமாகத் தோன்றவில்லை. தெருக்களின் வளைவு, மனைகளின் அளவு, கால்வாய்களின் போக்கு, சந்தையின் இடம் எல்லாம் பழையவை. அவற்றின் மேல் பிற்காலத்தவர் தம் கனவில் கண்ட இடைக்காலத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். எது எந்த அடுக்கு என்று பிரித்துக் காட்டத்தான் வழிகாட்டி வேண்டும். ஆகவே முன்பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு ஊர்களிலும் ஒரே வழிகாட்டி உடன் நடப்பாரா, அல்லது பேருந்தில் ஒருவர், ஊரில் ‘சுதந்திர நேரமா’? முழுக்கச் சுதந்திர நேரம் என்றால் நீங்கள் வாங்குவது பேருந்துச் சீட்டு மட்டும்.

நல்ல வழிகாட்டியை அடையாளம் காணவும் வழி உண்டு. புரூஜ் ஏன் வீழ்ந்தது என்று கேளுங்கள். மண் தூர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்பவர் பாதியைத்தான் சொல்கிறார். 1488இல் இந்த ஊர்மக்கள் ஆட்சியாளர் மாக்ஸிமிலியனைப் பிடித்துச் சந்தைத் திடல் ஓரத்து வீட்டில் சிறை வைத்தார்கள். அந்த மோதலின் காலத்தில் அவர் அயல்நாட்டு வணிகர்களை ஆண்ட்வெர்ப் போகத் தூண்டினார். மண்ணும் அரசியலும் சேர்ந்தே துறைமுகத்தை மூடின. அந்தக் கலகத்தில் அவருடைய அதிகாரி பீட்டர் லாங்க்ஹால்ஸ் தலை வெட்டப்பட்டார். அவர் பெயருக்கு ‘நீண்ட கழுத்து’ என்று பொருள் என்பதால், நீண்ட கழுத்துள்ள அன்னங்களை என்றென்றும் வளர்க்கும்படி ஊருக்குத் தண்டனை விதித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கதை என்று சொல்லிச் சொல்பவரை நம்புங்கள். இரண்டு தலைமுறை கழித்துக் கெண்டில் நடந்தது கதை அல்ல: 1500இல் அந்த ஊரிலேயே பிறந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், வரி கொடுக்க மறுத்த தம் ஊராரை 1540இல் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு நடக்க வைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தார். கெண்ட்காரர்கள் இன்றும் தங்களைச் ‘சுருக்குக் கயிறு அணிந்தவர்கள்’ என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறார்கள்.

குழுவோடு போனால் சொந்தக் கண்ணால் பார்க்க முடியாது என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஐம்பது பேர் கொண்ட குழு ஒவ்வொரு மூலையிலும் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும். இருபது பேருக்கு உட்பட்ட குழுவைத் தேடுங்கள். காதில் மாட்டும் ஒலிக்கருவி தருவார்களா என்றும் கேளுங்கள், அது இருந்தால் வழிகாட்டியை ஒட்டியே நிற்க வேண்டியதில்லை. வழிகாட்டியோடு நடக்கும் நேரம் ஊருக்கு ஒன்றரை மணி, மீதி உங்களுக்கு என்ற பங்கீடு சரியானது. நீங்கள் தனியாக இருக்கும் நேரத்தில் மணிக்கூண்டில் ஏறலாம். புரூஜ் மணிக்கூண்டுக்கு 83 மீட்டர் உயரம், 366 படி, லிஃப்ட் கிடையாது. உச்சிக்கு அருகே படிகள் குறுகிச் செங்குத்தாகும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கெண்டிலேயே ஏறிவிடட்டும்: அங்கே 91 மீட்டர் கோபுரத்தில் சில படிகளுக்குப் பின் லிஃப்ட் உண்டு.

வரிசையைப் பற்றிக் கேட்டால், கோடையில் காலையில் கெண்ட், பிற்பகலில் புரூஜ் என்பேன். நெய்த ஊரை முதலில் பார்த்து, விற்ற ஊரைப் பின்னால் பார்ப்பது பொருளோடு பொருந்துகிறது. நடைமுறைக் காரணமும் உண்டு. புரூஜில் நண்பகல் முதல் நான்கு மணி வரை கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஸேபுரூஹே துறைமுகத்தில் இறங்கும் உல்லாசக் கப்பல் பயணிகளும் அப்போதுதான் ஊருக்குள் இருப்பார்கள். ஐந்து மணிக்குப் பிறகு தெருக்கள் தளரும். ஜூன் மாதத்தில் சூரியன் மறையப் பத்து மணி ஆகும். எனவே புரூஜிலிருந்து ஆறு, ஏழு மணிக்குக் கிளம்பும் பயணமே நல்லது. நான்கு மணிக்கே கிளம்புவதாக இருந்தால் வரிசையைத் திருப்பி, காலை முதல் வேளையில் புரூஜ் போகும் பயணத்தைத் தேடுங்கள். டிசம்பரிலும் அப்படித்தான்: ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். புரூஜின் சந்துகளுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். கெண்ட் தன் கட்டடங்களுக்குத் திட்டமிட்டுச் செய்திருக்கும் விளக்கொளியில் இரவிலும் அழகு. ஜூலையில் கெண்ட் திருவிழா நடக்கும் பத்து நாட்களில் ஊரே மேடையாகிவிடும். கட்டடம் பார்க்க வருபவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். புரூஜில் இயேசுவின் விண்ணேற்ற நாளன்று புனித ரத்த ஊர்வலம். அதைக் காணவே வருபவர்களுக்கு அது பெரும்பேறு, மற்றவர்களுக்கு நெருக்கடி.

கடைசி ஆட்சேபம் மனசாட்சி சார்ந்தது. பழைய மதில் எல்லைக்குள்ளான புரூஜில் வாழ்பவர்கள் இருபதாயிரம் பேர் அளவில்தான். காலையில் வந்து மாலையில் போகும் கூட்டம் ஊரை நெரிக்கிறது. 2019இல் நகர நிர்வாகமே பகல் பயணிகளை ஈர்க்கும் விளம்பரத்தைக் குறைக்க முடிவு செய்தது. இந்தக் கவலையை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனால் அரை மணி நேரம் சந்தைத் திடலில் நின்று சாக்லேட் வாங்கிக்கொண்டு ஓடுபவரும், நான்கு மணி நேரம் ஊரின் வடக்குத் தெருக்கள் வரை நடந்து, இருந்து சாப்பிட்டு, ஓர் அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்குபவரும் ஊருக்குச் செய்வது ஒன்றல்ல. நெரிசல் எல்லாம் சந்தைத் திடலுக்கும் படகுத் துறைகளுக்கும் நடுவே சில நூறு மீட்டருக்குள்தான். மார்ச் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஓடும் அரை மணி நேரப் படகுச் சவாரி அழகானது என்றாலும், வரிசையில் நிற்க முக்கால் மணி ஆகும் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். 1245இல் தொடங்கிய பெகின்ஹோஃப் என்ற பெண் துறவியர் குடியிருப்பில் குரலைத் தாழ்த்துங்கள். அங்கே இன்றும் பெண்கள் வாழ்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். தாவர எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த வகையிலும் கெண்டில் நண்பகல் இருப்பது வசதி: 2009இல் வியாழக்கிழமையைச் சைவ நாளாக அறிவித்த ஊர் அது, சைவ உணவகங்கள் நிறைய. இரண்டு ஊர்களிலும் தெருக்கள் கல் பாவியவை, மழையில் வழுக்கும். மெத்தென்ற தடித்த அடியுள்ள, ஏற்கெனவே பழகிய காலணி வேண்டும். மழைச் சட்டை எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும். கழிவறைகளுக்குச் சில்லறை யூரோ காசு தேவைப்படும். வான் எய்க் ஓவியத்துக்கு நேரம் குறித்த சீட்டு. அது பயணக் கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேட்டு, அடங்காவிட்டால் உங்கள் சுதந்திர நேரத்துக்குப் பொருந்த நீங்களே முன்பதிவு செய்யுங்கள்.

புரூஜில் கடைசி அரை மணி நேரம் மிஞ்சினால் சந்தைத் திடலை விட்டு வடக்கே, யான் வான் எய்க் சதுக்கத்துக்கு நடந்து போங்கள். காலையில் கெண்டில் நீங்கள் பார்த்த ஓவியத்தை முடித்தவர் அங்கே வெண்கலத்தில் நிற்கிறார். பக்கத்திலேயே பழைய சுங்கச் சாவடி. எதிரே நீளும் நீர்வழியில்தான் டாம்மேயிலிருந்து சரக்குப் படகுகள் வந்து நின்றன. கூட்டம் அங்கே அவ்வளவாக வருவதில்லை. பேருந்துகள் ஊருக்குள் வராமல் தெற்கே மின்னவாட்டர் பூங்காவுக்கு அப்பால் நிற்கும். சதுக்கத்திலிருந்து அரை மணி நடை. வந்து இறங்கியபோதே கூடுமிடத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது கிளம்பினால் போதும்.